பூதலூரிலிருந்து தஞ்சைக்கு: சம்பந்தியின் தலையில் தேங்கிய தண்ணீர்

தஞ்சாவூர் என்று தலைப்பில் போட்டால் பெரிய கோயில் நடை எத்தனை மணிக்குச் சாத்துவார்கள் என்று கேட்டு நான்கு பேராவது எழுதுவீர்கள். எனக்குத் தெரியாது. இந்தப் பயணத்தில் பெரிய கோயிலைப் பலமுறை பார்த்தேன், எல்லாம் ஓடும் காரின் ஜன்னல் வழியாக. நான் போனது ஒருவரின் தலைக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க. வயதானவர்களை வைத்துக்கொண்டு இதே வழியில் போக வேண்டியவர்கள் உங்களில் இருக்கலாம் என்பதால் எழுதிவைக்கிறேன். கோயில்காரர்கள் மன்னிக்கவும்.

போன தை மாதக் கடைசியில் வெளிநாட்டிலிருந்து மாப்பிள்ளை கூப்பிட்டார். "மாமா, அப்பா நடக்கிறது சரியில்லை. வீடியோவில பார்த்தேன். எனக்கு லீவு கிடைக்காது. நீங்க ஒரு எட்டு போய்ட்டு வர முடியுமா?" ஓய்வு பெற்ற வங்கி அலுவலருக்கு வேலை எதுவும் கிடையாது என்பது குடும்பத்தில் எல்லோரும் அறிந்த செய்தி. மறுநாளே கிளம்பினேன்.

எழும்பூரிலிருந்து காலையில் ஒரு பகல் ரயில் இருக்கிறது. மெயின் லைன் வழி, தஞ்சாவூர் வரை சுமார் 350 கிலோமீட்டர், ஆறரை மணி நேரம். இரண்டாம் வகுப்பு இருக்கை நூற்றைம்பது ரூபாய்க்குள் முடிந்தது. இடது பக்க ஜன்னலோ வலது பக்க ஜன்னலோ, மயிலாடுதுறைக்குப் பிறகு இரண்டும் ஒன்றுதான்: அறுவடை இயந்திரம், அதன் பின்னால் கொக்கு, கொக்கின் பின்னால் ஒரு கட்சிக் கொடிக்கம்பம், அதற்கு எதிரில் அதைவிட ஓரடி உயரமாக மற்றக் கட்சிக் கொடிக்கம்பம். தஞ்சாவூரில் இறங்கி, திருச்சிப் பக்கம் போகும் பாசஞ்சரில் பூதலூர், பத்து ரூபாய். அங்கிருந்து ஊருக்கு ஏழு கிலோமீட்டர், ஷேர் ஆட்டோ இருபது ரூபாய்.

ஆட்டோ ஓட்டியவர் பெயர் செந்தில். "எந்த வீட்டுக்கு சார்?" என்றார். சொன்னேன். கண்ணாடி வழியாக என்னை ஒருமுறை பார்த்தார். "நான் தென் மடைக்காரன் சார். வாய்க்கால் பாலத்துலயே இறக்கி விட்டுடறேன். அங்கேருந்து பக்கம்தான், நடந்துடுங்க."

"ஏன், ஆட்டோ அந்தப் பக்கம் போகாதா?"

"ஆட்டோ போவும் சார். நான் போவ மாட்டேன்."

சம்பந்தியை இங்கே அறிமுகம் செய்துவிடுகிறேன். கோவிந்தராசு, எழுபத்திரண்டு வயது. கூலிக்கு நாற்று நட்டவர்களின் மகன். கூலி உயர்வுக்கும் குத்தகைக்கும் அடிதடி நடந்த காலத்தில் வளர்ந்து, ஆட்சி மாறிச் சட்டம் மாறிய பிறகு உழுத நிலத்திலேயே இரண்டரை ஏக்கர் கிடைத்து, அதில் விளைந்ததை வைத்து மகனை இன்ஜினியராக்கியவர். கடவுள் கிடையாது. கரை வேட்டி மட்டும் உண்டு. என் மகள் கல்யாணத்தை அவர் விருப்பப்படி ஐயர் இல்லாமல் நடத்தினோம். மாலை மாற்ற ஐந்து நிமிடம், வாழ்த்துரைக்கு இரண்டே முக்கால் மணி நேரம். அக்னி சாட்சியாக நடந்திருந்தால் அக்னியே அணைந்திருக்கும்.

ஊரில் அவருக்கு இன்னொரு பொறுப்பு. கிளை வாய்க்காலில் தண்ணீர் குறைவாக வரும் ஆண்டுகளில் வட மடைக்கு இத்தனை நாள், தென் மடைக்கு இத்தனை நாள் என்று முறை வைத்துத் திறந்துவிடுவார்கள். அந்த முறையைப் பார்ப்பவர் அவர்தான், இருபது வருஷத்துக்கு மேலாக. அரசாங்கம் கொடுத்த பதவி கிடையாது, சம்பளம் கிடையாது. மதகுப் பலகையை ஏற்றி இறக்கும் திருகுசாவி அவர் வீட்டுக் கொடியில் தொங்கும், அவ்வளவுதான். அவருடைய சொந்த வயல் வட மடையில். அப்படியிருந்தும் தென் மடைக்காரர்கள் சாவியை அவரிடமே விட்டுவைத்திருந்தார்கள். இந்த மாநிலத்தில் எதிர்க்கட்சியின் நம்பிக்கையைப் பெற்ற ஆளுங்கட்சிக்காரரை நான் வேறெங்கும் கண்டதில்லை.

போன புரட்டாசியில் அது முடிந்துபோனது. வட மடைக்கு முறை முடிந்த பிறகும் வட மடைக்கே மறுபடி திறந்துவிட்டார். தென் மடையில் நட்டு இருபது நாள் ஆன பயிர் காய்ந்தது. கேட்கப் போனவர்களிடம் "முறைப்படிதான் விட்டிருக்கேன்" என்று சாதித்தார். பேச்சு கம்பாக மாறி, இரண்டு மண்டைகளில் தையல் விழுந்து, காவல் நிலையம்வரை போனது. "சொந்த வயலுக்குத் திருப்பிக்கிட்டாரு" என்று முடிவு கட்டிவிட்டார்கள். நாலு மாதமாக ஊரில் பாதிப்பேர் அந்த வீட்டுப் பக்கம் வருவதில்லை. இதை எனக்குச் சொன்னவர் சம்பந்தியம்மா அஞ்சம்மாள், நான் கால் கழுவி உள்ளே வந்து உட்கார்ந்த முதல் பத்து நிமிடத்தில். அவர் பேச ஆள் கிடைக்காமல் நாலு மாதம் ஆகியிருந்தது.

சம்பந்தி என்னைப் பார்த்து எழுந்து வந்தார். "வாங்க சம்பந்தி" என்ற குரல் அதே குரல். கால்கள்தான் வேறு யாருடையதோ போல இருந்தன. இரண்டும் அகன்று நின்று, தரையை விட்டுக் கிளம்ப மனமில்லாமல், ஒவ்வொன்றாக உருவிக்கொண்டு வந்தன. திரும்ப வேண்டிய இடத்தில் எட்டு ஒன்பது குட்டி அடி வைத்து, பெரிய லாரி சந்தில் திரும்புவதுபோல் திரும்பினார். சேற்றில் நடப்பதற்கு இதுதான் சரியான நடை. வீட்டுக்குள் சேறு இல்லை.

"எத்தனை நாளா இப்படி?" என்று கேட்டேன்.

"ரெண்டு வருஷத்துக்கு மேல இருக்கும்ணே" என்றார் அஞ்சம்மாள். " சேத்துல உழண்ட காலு, வயசானா அப்படித்தான் வரும்னு எல்லாரும் சொன்னாங்க. எங்க மாமனாருக்கும் இப்படித்தான்னு இவரே சொன்னாரு. மூட்டுக்குத் தைலம் தேய்ச்சேன்."

இந்தத் தவறைச் சென்னையில் யாரும் செய்திருக்க முடியாது. அங்கே ஒருவர் இப்படி நடந்தால் லிப்டில் ஏறுவதற்குள் நான்கு பேர் டாக்டர் பெயர் சொல்லியிருப்பார்கள். நடவு நட்டும் உழுதும் வாழ்ந்த ஊரில், சேற்றில் நடப்பதுபோல் நடப்பவரை யார் சந்தேகப்படுவார்கள்? நானும் போன வருஷம் பார்த்துவிட்டு, "உழைப்பாளியின் நடை" என்று இதே வலைப்பூவில் உருகி எழுதியிருக்கிறேன். அந்தப் பதிவை எடுத்துவிட்டேன். தேட வேண்டாம்.

அஞ்சம்மாள் மேலும் இரண்டு விஷயம் சொன்னார், குரலைத் தாழ்த்தி. சொன்னதையே திரும்பக் கேட்கிறார், கிழமை மறக்கிறார். அவசரமாக எழுந்து போவதற்குள் வேட்டி நனைந்துவிடுகிறது. "இதை மவன்கிட்ட கூடச் சொல்லலை. அவரு மானஸ்தன்ணே." நடை, மறதி, சிறுநீர் என்ற மூன்றையும் மூன்று வெவ்வேறு முதுமைகளாக நினைத்து மூன்று வெவ்வேறு இடங்களில் ஒளித்துவைத்திருந்தார்.

மறுநாள் காலை தஞ்சாவூருக்குக் கார். போக வர, நாள் முழுக்கக் காத்திருப்பும் சேர்த்து ஆயிரத்து ஐந்நூறு ரூபாய். இருபத்தைந்து கிலோமீட்டரை அரை மணியில் கடக்கலாம் என்று வரைபடம் சொல்லும். தை மாதத்தில் நம்ப வேண்டாம். சாலையின் ஒரு பாதியில் நெல் காய்கிறது. அரசாங்கம் போட்ட சாலைகளில் மக்கள் முழு மனதோடு பயன்படுத்துபவை இவை மட்டுமே என்பதால் ஓரமாக, மெதுவாகத்தான் போக வேண்டும். ஒரு மணி நேரம் ஆனது.

அங்கே ஒரு டாக்டர் நடக்கவைத்துப் பார்த்துவிட்டுத் தலைக்கு எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எழுதிக் கொடுத்தார். ஸ்கேன் மையத்தில் பச்சைச் சட்டை போட்ட பெண் ஒருவர், "ஐயா, உள்ளே பெரிய காந்தம் இருக்கு. உடம்புல இரும்பு, நகை, கயிறு எதுவும் இருக்கக் கூடாது" என்றார். சம்பந்தி வாட்சைக் கழற்றினார். இடுப்பில் அரைஞாண், அதில் ஒரு தாயத்து. நான் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார்.

"என்ன சம்பந்தி, பகுத்தறிவு இடுப்போட நின்னுடுச்சா?"

"கட்டினது அவ. நம்பிக்கை அவளுது. இடுப்பு மட்டும்தான் என்னுது" என்றார்.

"வேற இரும்பு ஏதாவது? ஆபரேஷன், பிளேட்டு, குண்டு?" என்று அந்தப் பெண் மனப்பாடமாகக் கேட்டார்.

"இல்லம்மா."

"ஏன் இல்லை? தொடையில இருக்கே!" என்றார் அஞ்சம்மாள்.

பச்சைச் சட்டைப் பெண் எழுதுவதை நிறுத்தினார்.

கூலிச் சண்டை நடந்த நாட்களில், களத்து மேட்டில் நின்ற கூட்டத்தை நோக்கி யாரோ நாட்டுத் துப்பாக்கியால் சுட்டார்களாம். சில ரவைகள் இவர் தொடைக்குள் போயின. ஆஸ்பத்திரிக்குப் போனால் வழக்கில் பேர் வரும் என்று போகவில்லை. புண் ஆறிவிட்டது, ரவை தங்கிவிட்டது. "அது பழைய சமாச்சாரம். சுட்டவனும் செத்துப்போயிட்டான். இப்ப எதுக்கு?" என்றார் சம்பந்தி. முதலில் எக்ஸ்ரே எடுத்தார்கள். தொடை எலும்பின் அருகில் நான்கு வெள்ளை மணிகள் நெல்லைத் தூவியதுபோல் தெரிந்தன. நிலச் சீர்திருத்தம் இரண்டு இடத்தில் பதிவாகியிருக்கும் ஆள் இவர். ஒன்று கிராமக் கணக்கில், இன்னொன்று தொடையில்.

ஈயமாக இருந்தால் பாதகமில்லை, இரும்பு கலந்திருந்தால் காந்தம் இழுக்கும் என்றார் ஸ்கேன் டாக்டரம்மா. ஐம்பதைத் தாண்டாத, சிரிக்க நேரமில்லாத பெண்மணி. "எம்.ஆர்.ஐ. வேண்டாம். சி.டி.யே எடுப்போம். அதுல காந்தம் கிடையாது. நான் தேடறது இருந்தா அதுலயே தெரியும்." தயவுசெய்து இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: கேட்கும்போது உண்மையைச் சொல்லிவிட வேண்டும், அது எத்தனை ஆட்சிக்கு முந்தைய உண்மையாக இருந்தாலும்.

படம் எடுக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. டாக்டரம்மா எங்கள் மூவரையும் திரைக்கு முன்னால் உட்காரவைத்தார். சாம்பல் நிறத் தலையின் நடுவில், பட்டாம்பூச்சி இறகு விரித்ததுபோல் பெரிய கறுப்பு.

"மூளைக்கு நடுவுல இப்படி அறைகள் எல்லாருக்கும் உண்டு. அதுல தினம் நீர் ஊறும், தினம் வடியும். இவருக்கு வடியறது குறைஞ்சுபோயி அறை வீங்கியிருக்கு."

"வயசானா இப்படி ஆகாதா?" என்று கேட்டேன்.

"ஆகும். மூளை சுருங்கினா அறை பெருசாத் தெரியும். ஆனா சுருங்கியிருந்தா மேல இந்த மடிப்புகளும் விட்டுப்போயிருக்கணும். இங்க பாருங்க, நெருக்கிக்கிட்டு இருக்கு. இது சுருங்கினது இல்லை, உள்ளேருந்து தள்ளுது. கால் ஒட்டிக்கற நடை, மறதி, சிறுநீர், மூணும் சேர்ந்து இருக்குன்னு அம்மா சொல்றாங்க. அதிகம் பார்க்கற நோய் இல்லை. பார்த்தாலும் வயசுன்னு விட்டுடுவாங்க. முதுமை மறதியில வைத்தியம் பண்ணித் திருப்பக்கூடியது ரொம்பக் கொஞ்சம். இது அதுல ஒண்ணு."

அஞ்சம்மாள் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "வடிகால் தூந்துபோச்சுங்கறீங்க."

"அப்படித்தான்மா."

"அப்ப இவரு வேணும்னு பண்ணலை." அழ ஆரம்பித்தார். "சொந்த வயலுக்குத் திருப்பிக்கிட்டான்னு நாலு மாசமா காறித் துப்பினாங்களே. படத்தைக் கொண்டுபோயி ஒவ்வொரு வாசல்லயும் காட்டறேன்."

"எவன்கிட்டயும் காட்டக் கூடாது" என்றார் சம்பந்தி.

அவர் குரல் உயர்ந்ததை அன்றுதான் கேட்டேன். காரில் ஏறிய பிறகு என்னிடம் சொன்னார். "ஓரஞ்சாஞ்சுட்டான்னு சொல்லட்டும் சம்பந்தி. அது மனுஷன் பண்றது. மண்டை கலங்கினவன்னு ஆயிட்டா அப்பறம் நான் எது சொன்னாலும் எடுபடாது. அதோட, நான் தப்பா விடவும் இல்லை. முறைப்படிதான் விட்டேன்."

முதல் பாதியில் இருந்த நியாயத்தை நான் மறுக்க முடியாது. ஓரம் சாய்ந்தவர்கள் இங்கே மந்திரியாகவே இருந்திருக்கிறார்கள். மூளையில் நோய் என்று தெரிந்தால் வார்டு மெம்பராகக்கூட விடமாட்டோம். இரண்டாம் பாதிதான் கஷ்டமாக இருந்தது. அவர் உண்மையிலேயே அப்படி நம்பினார்.

அடுத்த நாள் நரம்பியல் டாக்டரிடம் போனோம். படத்தைப் பார்த்துவிட்டு அவர் ஒரு சோதனை சொன்னார். முதுகுத்தண்டின் கீழே ஊசி போட்டு, அந்த நீரில் கொஞ்சம், அரை டீ கிளாஸ் அளவுக்கும் குறைவாக, வடித்துவிடுவார்கள். நடை திருந்தினால், தலையிலிருந்து வயிற்றுக்குத் தோலுக்கடியில் ஒரு குழாய் வைத்து நிரந்தரமாக வடியவைக்கலாம். திருந்தாவிட்டால் ஆபரேஷனில் பலன் இருக்குமா என்று யோசிக்க வேண்டும். "நடைதான் முதல்ல திரும்பும். ஞாபகம் அப்புறம்தான், கொஞ்சம் கொஞ்சமா. எல்லாருக்கும் முழுசாத் திரும்பும்னு சொல்ல மாட்டேன்."

ஊசிக்கு முன்பு தாழ்வாரத்தில் நடக்கவைத்துப் படம் பிடித்தார்கள். நீரை எடுத்த பிறகு சில மணி நேரம் படுக்கை. மதியச் சாப்பாட்டை ஆஸ்பத்திரி கேண்டீனில் முடித்துக்கொண்டேன். அளவுச் சாப்பாடு அறுபது ரூபாய், ரசம் பரவாயில்லை, மோரில் மூளைநீரைவிடத் தெளிவு அதிகம். மூன்று மணிக்கு மறுபடி நடக்கச் சொன்னார்கள்.

கட்டிலிலிருந்து இறங்கினார். முதல் இரண்டு அடி பழையபடி. மூன்றாவது அடியில் கால் தரையை விட்டு எழுந்தது. ஜன்னல்வரை போனார். இரண்டு மூன்று அடியிலேயே திரும்பிவிட்டார். திரும்பியவர், எங்களைப் பார்த்து நின்றுவிட்டார், வேறு யாரோ நடந்ததைப் பார்த்தவர்போல. அஞ்சம்மாள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார்.

"எத்தனை நாளைக்கு இருக்கும்?" என்றுதான் சம்பந்தி முதலில் கேட்டார்.

"ரெண்டு நாள், மிஞ்சினா மூணு நாள். நீர் மறுபடி ஊறிடும். அடுத்த வாரம் ஆபரேஷன் வச்சுக்கலாம்" என்றார் டாக்டர்.

சம்பந்தி கட்டிலில் உட்கார்ந்தார். பிறகு மனைவியைக் கேட்டார்: "அஞ்சம், புரட்டாசியில வட மடைக்கு நான் முதல்ல தொறந்தது என்னைக்கு?"

"மகாளய அமாவாசைக்கு ரெண்டு நாள் முன்னே."

"மறுபடி தொறந்தது?"

"சரசுவதி பூசை வாரத்துல. நடுவுல தென் மடைக்குத் தொறக்கவே இல்லை. நான் சொன்னேன். நீங்க என்னை அடிக்க வந்தீங்க."

விரல்களை மடக்கிக்கொண்டே இருந்தார். பிறகு மடக்குவதை நிறுத்தினார். "காலையில மொதல் வேலையா ஊருக்குப் போவணும்" என்றார்.

நாங்கள் எல்லோரும் தடுத்தோம். ஆபரேஷன் முடியட்டும், நன்றாகத் தேறி வந்து பேசிக்கொள்ளலாம் என்றேன். "தேறுவேனான்னு டாக்டரே சொல்லலையே சம்பந்தி. ரெண்டு நாள் தெளிவு இருக்குன்னு மட்டும் சொல்லியிருக்காரு." நான் காருக்குச் சொன்னேன். டாக்டர், தலைவலி வந்தால் உடனே படுக்க வேண்டும் என்று மட்டும் எழுதிக் கொடுத்தார்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு வாய்க்கால் பாலத்தில் காரை நிறுத்தினோம். கொடியிலிருந்து எடுத்த திருகுசாவி அவர் கையில், அவரே எடுத்துவரச் சொன்ன ஸ்கேன் படம் என் கையில். தென் மடையில் மாரிமுத்து என்பவரின் வயலில் அறுவடை நடந்துகொண்டிருந்தது. முக்கால் ஏக்கர் மட்டும். மீதி அரை ஏக்கர் காய்ந்துபோய், மாடு மேய்ந்த தாளாக நின்றது. அந்த வயலுக்குச் சாலை கிடையாது. வரப்பில்தான் போக வேண்டும். ஒன்றரை அடி அகலம், இரண்டு பக்கமும் ஈரம். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நடந்ததெல்லாம் சோதனையே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. சம்பந்தி முன்னால் போனார். நின்று, பார்த்து, கால் வைத்து, ஆனால் போனார். விழப்போகிறார் என்று பின்னாலேயே கையை நீட்டிக்கொண்டு போன நான் முழங்கால்வரை சேற்றில் இறங்கினேன். படம் நனையாமல் பார்த்துக்கொண்டேன்.

மாரிமுத்து இயந்திரத்தை நிறுத்தச் சொன்னார். சம்பந்தி வயதுதான் இருக்கும். இருவரும் ஒரே களத்து மேட்டில் நின்றவர்கள் என்று அஞ்சம்மாள் சொல்லியிருந்தார்.

"என்னங்க, வட மடைப் பெரியவரு இந்தப் பக்கம்? வழி தப்பி வந்துட்டீங்களா?"

"மாரி, புரட்டாசியில உங்க முறையை நான்தான் முழுங்கிட்டேன். நேத்துதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன்."

"நாங்க அன்னைக்கே போட்டுட்டோம்."

"வேணும்னு பண்ணலைடா. தலைக்குள்ள நீர் கட்டியிருக்காம். மறந்துடுது. படம் எடுத்திருக்கு."

மாரிமுத்து என்னிடமிருந்து படத்தை வாங்கி, வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். இயந்திரக்காரரும் இறங்கி வந்து எட்டிப் பார்த்தார். "இதுல எது தண்ணி?"

"கறுப்பா இருக்கறது" என்றேன்.

நெடுநேரம் பார்த்தார். "இத்தனை தண்ணியை மண்டைக்குள்ள வச்சுக்கிட்டாடா எங்களைக் காயப் போட்டே?"

சிரிப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. இயந்திரக்காரர் சிரித்துவிட்டார். சம்பந்தி சிரிக்கவில்லை. சாவியை நீட்டினார். "இனிமே நீ பாரு. எனக்கு இது நிக்குமான்னு தெரியலை. ரெண்டு நாள்ல மறுபடி பழையபடி ஆயிடுவேன். அதுக்குள்ள உன் கையில கொடுத்துடணும்னு வந்தேன்."

"மேட்டூரை மூடினதுக்கு அப்பறம் சாவி கொடுக்க வந்திருக்கான் பாரு." மாரிமுத்து வாங்கவில்லை. படத்தை உறைக்குள் போடத் தெரியாமல் போட்டுக்கொண்டே பேசினார். "நாலு மாசம்டா. உன்னைப் பத்திப் பேசாத டீக்கடை கிடையாது. அத்தனையும் வீணாப் போச்சு. சீக்காளியைப் போட்டுத் திட்டினான்னு இப்ப எனக்குத்தான் கெட்ட பேரு. போ, ஆபரேஷன் பண்ணிக்க. சாவி உங்கிட்டயே இருக்கட்டும். ஆனியில நீ தொறக்கறப்ப நான் பக்கத்துல நிப்பேன். ஒரு நாள் தப்பா விடு, அப்ப இருக்கு உனக்கு. மொதல்ல தேறி வா, சீக்காளிகிட்ட எவனாச்சும் சண்டை போடுவானா?"

"அந்த அரை ஏக்கரு..."

"அது போனது போனதுதான். அதை நான் மறக்க மாட்டேன். மறக்கறது உன் வேலை."

திரும்பி வரும்போது மாரிமுத்து வரப்பில் அவருக்குப் பின்னால் நான்கு அடி தள்ளி நடந்து வந்தார். துணைக்கு வருகிறாரா என்று கேட்டதற்கு, பாலத்துக் கடையில் டீ குடிக்கப் போவதாகச் சொன்னார். எங்களை ஏற்றிவிட்டு, டீ குடிக்காமல் திரும்பிப் போனார்.

டாக்டர் சொன்னபடியே இரண்டாம் நாள் மாலை கால்கள் மறுபடி தரையில் ஒட்டிக்கொண்டன. அடுத்த வாரம் ஆபரேஷன் நடந்தது. குழாயின் நுனி சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்க்க மறுபடி ஸ்கேன். எவ்வளவு வடிய வேண்டும் என்பதை வெளியிலிருந்தே கூட்டிக் குறைக்கும் அடைப்பான் ஒன்று காதுக்குப் பின்னால் இருக்கிறது. இரண்டு முறை திருத்தினார்கள். முறை பார்ப்பவரின் தலைக்கே முறை வைத்துவிட்டார்கள் என்றார் அஞ்சம்மாள். அறுவைச் செலவில் பெரும் பங்கை அரசுக் காப்பீடு ஏற்றுக்கொண்டது. அட்டையை ஒரு ஆட்சியில் வாங்கி இன்னொரு ஆட்சியில் புதுப்பித்திருந்தார்கள். அட்டையில் முகங்கள் மாறினாலும் பணம் வந்தது, இதைச் சொல்லாமல் விட்டால் நான் நன்றி கெட்டவன்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். வீட்டில் வயதானவர் கால் ஒட்டிக்கொண்டதுபோல் நடந்து, மறதியும் சிறுநீர்த் தொல்லையும் சேர்ந்திருந்தால், மூன்றையும் ஒரே டாக்டரிடம் ஒரே மூச்சில் சொல்லுங்கள். நடப்பதைப் போனில் படம் பிடித்துக்கொண்டு போங்கள். டாக்டர் முன்னால் எல்லோரும் நன்றாக நடந்துவிடுவார்கள். பழைய படங்களை மடிக்காமல் வைத்திருங்கள். தாலிச் செயின், மெட்டி, அரைஞாண் எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றிவிடுவது நல்லது. அறுவடை நாட்களில் காருக்கு இரண்டு மடங்கு நேரம் ஒதுக்குங்கள். எல்லாப் பெரிய கறுப்பும் இந்த நோயாக இருக்காது, எல்லோருக்கும் ஆபரேஷன் கைகொடுக்கவும் கொடுக்காது. எங்கள் சம்பந்திக்கே கிழமை இன்னும் சில சமயம் தவறுகிறது. ஸ்கேன் ஒரு மனிதரைப் பற்றி எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்று நினைத்துப் போனேன். ஒரு விஷயத்தை மட்டும் சொன்னது. மீதியை வரப்பில் நடந்துபோய் அவரே சொல்ல வேண்டியிருந்தது.

ஆனி மாதம் வாய்க்காலில் தண்ணீர் வந்தது. அன்று காலை அஞ்சம்மாளுக்குப் போன் செய்தேன். பின்னால் ஒரே கூச்சல்.

"என்னம்மா சத்தம்?"

"மதகடியில நிக்கிறேண்ணே. உங்க சம்பந்தியும் மாரிமுத்து அண்ணனும் விடிஞ்சதுலேருந்து சண்டை. பலகையை எத்தனை விரக்கடை தூக்கறதுன்னு."

"சம்பந்தி எப்படி இருக்கார்?"

"அவரா? எகிறிக் குதிக்கிறாருண்ணே."